திருத்திப் பேசிய ஜெர்மன் பெட்டி

எங்கள் தெருவில் பேசாமல் இருப்பதற்கென்றே ஒரு பேச்சு உண்டு. சண்டை போட்டு முறைத்துக்கொண்ட இரண்டு பேர் ஒருத்தர் முகத்தைப் பார்த்து ஒருத்தர் பேசமாட்டார்கள், ஆனால் பேசாமலும் இருக்கமாட்டார்கள், நடுவில் யாராவது ஒரு மூன்றாம் ஆளை, ஆள் கிடைக்காவிட்டால் ஆட்டுக்குட்டியை, அதுவும் கிடைக்காவிட்டால் சுவரையாவது நிறுத்திவைத்து, "குளிக்க வெந்நி கொதிச்சிட்டுன்னு அவுககிட்டச் சொல்லு" என்று பெண்டாட்டி சுவரிடம் சொல்ல, அங்கேயே கயிற்றுக் கட்டிலில் கிடக்கிற புருஷன் "இப்ப வேண்டாம்னு சொல்லு" என்று அதே சுவரிடம் சொல்ல, இப்படியே குடும்பம் நடத்திப் பிள்ளை பெற்று அதைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவிடுவார்கள். தூத்துக்குடி வெயிலும் உப்புக்காற்றும் அப்படி, ரோஷம் விறுவிறுவென்று ஏறிவிடும், இறங்கத்தான் வழி தெரியாது. நான் ரெஜினாள், இந்தத் தெருவில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறவள். என் வாசலுக்கு நேர் எதிரே நடந்ததைத்தான் சொல்லப்போகிறேன். நம்பமாட்டேன் என்கிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வெட்ட வேண்டிய ஜாக்கெட் மலை மாதிரி கிடக்கிறது.

எதிர்வீடு ஒரு வீடு இல்லை, தகப்பனார் விட்டுப்போன ஒரே வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரித்த இரண்டு வீடு. இடதுபக்கம் லிங்கவேல் அண்ணாச்சி, உப்பளக்காரர், கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட மனுஷன். வலதுபக்கம் அவர் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி சந்தனக்கனி, அவள் புருஷன் தவசிமுத்து, அவர்களுடைய ஒரே மகள் தமயந்தி. முற்றமும் கிணறும் இரண்டு வீட்டுக்கும் பொது. தங்கச்சிதான் அண்ணாச்சிக்கு உலகம். மருமகளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் அளத்துக்கே போவார். அப்படி இருந்தவர்கள்தான், பிரித்துக் கட்டின வீட்டுக்குப் பால் காய்ச்சின அன்றைக்கு, பந்தியில் ஊரே உட்கார்ந்திருக்க, அண்ணாச்சி சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு "உப்பில்லையே கனி" என்று உரக்கச் சொல்ல, விடிந்ததிலிருந்து அடுப்படியில் வெந்துகொண்டிருந்தவள் "உப்புதான் வேணும்னா உன் அளத்துல போய் நக்கு" என்று அதைவிட உரக்கச் சொல்ல, அவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

உப்பை விற்றுத் தின்கிறவனை உப்பைச் சொல்லியா ஏசுவது? "இனிமே அவகிட்டப் பேசுனா நான் எங்கப்பனுக்குப் பொறக்கலை" என்றார் அவர். "அவன்கிட்ட வாய் திறந்தா நானும் எங்கப்பனுக்குப் பொறக்கலை" என்றாள் இவள். அப்பன் ஒருத்தர்தான், பாவம், இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டார். தமயந்தி அப்போது பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். அவள் தாவணி போட்டு, சேலையும் கட்டப் பழகின பிறகும் அந்த ரோஷம் இறங்கவில்லை.

மூன்றாம் ஆளாக மாட்டினவர் தவசிமுத்து. துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்குக் காய்கறியும் முட்டையும் ஏற்றிவிடுகிற வேலை அவருக்கு. தங்கமான மனுஷன், ஆனால் ஒரு கெட்ட குணம், சொன்னதைச் சொன்னபடியே போய்ச் சொல்லிவிடுவார். மச்சான் அந்தப்பக்கம் நின்று "மாப்பிள்ளை, கிணத்து வாளியை உடைச்ச அந்தம்மாகிட்டச் சொல்லுங்க, அது கையா உலக்கையான்னு" என்றால், முற்றத்தைத் தாண்டிப் போய், "அது கையா உலக்கையான்னு கேக்காரு" என்று பெண்டாட்டியிடம் ஒரு எழுத்து குறையாமல் ஒப்பித்துவிட்டு, கரண்டியால் ஒன்று வாங்கிக்கொண்டு, அவள் கொடுக்கிற பதிலைச் சுமந்துகொண்டு திரும்புவார், அங்கே போய் அதையும் ஒப்பித்து அதற்கும் வாங்கிக்கட்டிக்கொள்வார். நடந்து நடந்து முற்றத்தில் புல் முளைக்காத ஒரு தடமே விழுந்துவிட்டது. தலையில் முடி போச்சு, வயிற்றில் புண் வந்தாச்சு.

அதெல்லாம்கூடப் போகட்டும் என்பார், அவரை உள்ளுக்குள் அரித்தது வேறு. எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவறை ஏறமாட்டாள். அந்தத் தாய்மாமனையும் பெண்ணைப் பெற்றவளே வெற்றிலைத் தட்டோடு வாசலுக்குப் போய், வாய் திறந்து அழைக்க வேண்டும். ஆள் விட்டு அழைத்தால் அது அழைப்பே இல்லை. "நாளைக்குத் தமயந்திக்கு ஒண்ணு கூடி வந்துச்சுன்னா இவ எப்படிப் போய்க் கூப்பிடுவா, அவரு எப்படி வருவாரு, எம் புள்ளை கல்யாணம் இந்த முற்றத்துலயே நின்னு போயிருமே, ரெஜினா" என்று என் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழாத குறையாகச் சொல்வார்.

அந்தச் சமயத்தில் ஜெர்மன் கப்பல் ஒன்று பழுதாகி மாதக்கணக்காகத் துறைமுகத்தில் கிடந்தது. அதன் சமையல்காரக் கிழவன் நம் ஊர் முந்திரி மக்ரூன் இனிப்புக்குப் பைத்தியம். ஊருக்குத் திரும்புகிறபோது ஒரு டின் நிறைய மக்ரூன் வாங்கிக்கொண்டு, கப்பலில் பாட்டுப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்த பழைய டேப் ரிக்கார்டரைத் தவசிமுத்து தலையில் கட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தான். கேசட் போடுகிற இப்போதைய பெட்டி இல்லை அது. சாம்பல் துணி ஒட்டின மரப்பெட்டி, தூக்க இரண்டு ஆள் வேண்டும். மூடியைத் திறந்தால் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இரண்டு சக்கரம், ஒன்றிலிருந்து அவிழ்ந்து மற்றதில் சுற்றிக்கொள்கிற பழுப்பு நாடா, முன்னால் வரிசையாக வெள்ளைக் கட்டைகள், பதிவு பண்ணுகிற கட்டை மட்டும் சிவப்பு. உள்ளே எல்லாம் வால்வு. சுவிட்சைப் போட்ட உடனே வேலைக்கு வராது, வால்வெல்லாம் சூடேறி, காய்ந்த தூசி வாடை கிளம்பி, நடுவிலிருக்கிற சின்னக் கண்ணாடிக்குள் பச்சைக் கண் ஒன்று மெல்ல விழித்த பிறகுதான் சரி சொல்லு என்கிற மாதிரி தயாராகும். மைக்கில் பேசினால் அந்தக் கண் சுருங்கும், கத்தினால் இறுக்கி மூடிக்கொள்ளும்.

தவசிமுத்து அதைக் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்து, மேலே ஓலைக்கூரை போட்டு, "இனிமே நான் நடக்க மாட்டேன். அவரு பேசிட்டுப் போகட்டும், நீ வந்து கேளு. நீ பேசிட்டுப் போ, அவரு வந்து கேக்கட்டும். என்னைய விட்ருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

முதலில் அண்ணாச்சிதான் வந்தார். மைக்கை, பிடித்த மீன் நழுவிவிடும் போல இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏ பெட்டி, அந்தம்மாகிட்டச் சொல்லு. கிணத்தடி பூரா ஒரே சோப்பு நுரை. துணி துவைக்காளா, தூத்துக்குடியையே துவைக்காளா? இன்னொரு மட்டம் நுரையைப் பாத்தேன், வாளியையும் அவளையும் ஒண்ணாக் கட்டி உள்ள இறக்கிருவேன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். சந்தனக்கனி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாராக வந்து கட்டையை அமுக்கினாள். சக்கரம் சுற்றியது. அண்ணாச்சியின் அதே கட்டைக் குரல், நடுவில் அதே இருமல், ஆனால் வந்த வார்த்தை வேறே.

"கனி, எத்தனை துணிம்மா நீ ஒருத்தியே துவைப்பே, கையெல்லாம் புண்ணாயிராதா? கிணத்தடி வழுக்குது, பாத்து நில்லும்மா."

அவள் நாடாவைப் பின்னால் ஓட்டி இன்னொரு தடவை கேட்டாள். பிறகு அவன் நக்கல் பண்ணுகிறான் என்று முடிவுகட்டி மைக்கைப் பிடுங்கினாள். "இவ்வளவு அக்கறை இருக்கவன் வாசல்ல மீன் செதிலைக் கொட்டுவானா? அம்புட்டையும் அள்ளி மூஞ்சியில எறிஞ்சிருவேன்னு சொல்லு." அண்ணாச்சி வந்து கட்டையை அமுக்கினபோது அவள் குரல் சொன்னது, "அண்ணே, இன்னைக்கு நல்ல சீலா மீன் கிடைச்சிருக்கு போல. செதிலை நான் கூட்டி அள்ளிக்கிடுதேன், நீ சூடு ஆறுமுன்ன சாப்பிடு."

தெருவில் யாரும் ஆச்சரியப்படவில்லை என்றால் அது பொய், ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஆச்சரியம் தீர்ந்துவிட்டது. ரேடியோ மெக்கானிக் அருணகிரி வந்து பின்பக்கத்தைக் கழற்றி, வால்வுகளை ஒவ்வொன்றாக ஊதித் துடைத்து, திரும்ப மூடிவிட்டு, "ஜெர்மன்காரன் சரக்கு. அழுக்கு உள்ள போனா வெளிய விடமாட்டான். தண்ணிக்கு வடிகட்டி இருக்குல்லா, அது மாதிரின்னு வச்சுக்கிடுங்க" என்றான், எல்லோரும் வச்சுக்கொண்டோம். அம்மன் கோயில் பூசாரி வந்து பெட்டிக்கு விபூதி பூசினார், எங்கள் மாதா கோயில் உபதேசியார் வந்து அதன்மேல் சிலுவை போட்டார், லவுட்ஸ்பீக்கர் சத்தத்துக்காக நெடுநாளாய் முறைத்துக்கொண்டிருந்த அந்த இரண்டு பேருமே மறுநாள் காலையில் ஆளுக்கொரு புகாரோடு பெட்டி முன்னால் வரிசையில் நின்றார்கள். நாடா ஓடி ஓடிப் பெட்டிக்குள் பழுப்புப் பொடி உதிர்ந்தது. அது வடிகட்டியில் தங்கின வசவுதான் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை, ஏனென்றால் தவசிமுத்து பஞ்சால் துடைத்து வெளியே போட்ட பொடியைக் கொத்தித் தின்ற கோழிகள் அன்று பூராவும் ஒன்றையொன்று விரட்டி விரட்டிக் கொத்தின.

அப்புறம் என்ன, மாமியார் வந்தாள், மருமகள் வந்தாள். வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் வந்தார்கள். கல்யாணத் தரகர் வந்து மாப்பிள்ளையைப் பற்றி உள்ளதை உள்ளபடி பெட்டியிடம் சொல்லி, பெட்டி சொன்னதைப் பெண் வீட்டுக்குக் கேட்கக் கொடுத்து, ஒரே ஆவணியில் ஏகப்பட்ட கல்யாணத்தை முடித்துவைத்தார். வார்டு தேர்தலில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு பேரும் தங்கள் கூட்டப் பேச்சை இங்கே வந்து பதிந்து கொண்டுபோய் மேடையில் போட, ஒருத்தர் குரல் மற்றவருக்கு ஓட்டுக் கேட்டது, இவர் குரல் அவருக்குக் கேட்டது, கடைசியில் எவன் ஜெயித்தான் என்பதில் எங்களுக்கே குழப்பம். என் கதையைக் கேளுங்கள். ஒருத்தி ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கிறது என்று வந்து நின்றாள். தின்று தின்று நீ பெருத்ததற்கு என் கத்திரிக்கோல் என்ன செய்யும் என்று நான் பெட்டியில் சொல்லிவிட்டு வந்தால், பெட்டி என் குரலிலேயே "மன்னிச்சுக்கோ தாயி, என் அளவுதான் தப்பு, பிரிச்சு இலவசமாத் தச்சுத் தாரேன்" என்று சொல்லித் தொலைத்திருக்கிறது! நான் எப்போது சொன்னேன்? ஆனால் குரல் என் குரல், என்ன செய்ய, பல்லைக் கடித்துக்கொண்டு தைத்துக் கொடுத்தேன். அந்தப் பெட்டிமேல் எனக்கு அன்றைக்கு விழுந்த ஆத்திரம் இன்றைக்கும் போகவில்லை.

தெரு அமைதியாகிவிட்டது. குழாயடியில் குடங்கள் மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஆனால் ஒரு சண்டையும் தீரவில்லை, அதுதான் விசேஷம். பெட்டியிலிருந்து நல்ல வார்த்தை வந்தால் குளிர்ந்துபோவதை விட்டுவிட்டு, இதற்கு அசல் என்னவாக இருக்கும் என்று மண்டையைக் குடைந்துகொண்டோம். "சௌக்கியமா" என்று வந்தால் என்னென்ன கெட்ட வார்த்தையோ என்று தூக்கம் கெட்டது. வாயும் சோம்பேறியாகிப் போனது. பஸ்ஸில் காலை மிதித்தவனைத் திட்டக்கூட எங்கள் தெருக்காரனுக்கு நாக்கு எழும்பவில்லை, "எங்க தெருவுக்கு வாரும் வே, பெட்டி இருக்கு, பேசிக்கிடுவோம்" என்று விலாசம் கொடுத்துவிட்டு வந்தான். எதிரெதிரே பார்த்துக்கொண்டால் இளித்துவிட்டு நகர்ந்துவிடுவோம். அண்ணனும் தங்கச்சியும் மட்டும் கிணற்றடியில் உலகத்திலேயே மரியாதையான பேச்சைப் பேசிக்கொண்டு, ஆள் வருகிற சத்தம் கேட்டால் ஆளுக்கொரு பக்கமாகக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தவசிமுத்து பயந்த நாள் வந்தது. உடன்குடியிலிருந்து தமயந்திக்கு ஒரு நல்ல இடம் அமைந்தது. பையனுக்கு அவளைப் பிடித்துவிட்டது, அவளுக்கோ அவன் பேரைச் சொன்னாலே காது சிவந்தது. எல்லாம் பேசி முடித்துக் கையை நனைத்துவிட்டு எழுந்திருக்கும்போது மாப்பிள்ளையின் தகப்பனார் சொன்னார், "தாய்மாமன் வந்து முன்னால நிக்கணும். தாய்மாமன் மாலை எடுத்துக் குடுக்காத பொண்ணுக்கு எங்க வீட்டுல தாலி எடுக்க மாட்டோம், இப்பவே சொல்லிட்டேன்."

சந்தனக்கனி பெட்டியிடம் போனாள். "கல்யாணம் வச்சிருக்கு. வாரதுன்னா வரட்டும், வராட்டா உப்பு மூட்டை மேல ஏறி உக்காந்து உறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு விசுக்கென்று திரும்பிவிட்டாள். அண்ணாச்சி வந்து கட்டையை அமுக்கும்போது தெருவே மதில்மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நம்ம தமயந்திக்குக் கல்யாணம். அவ நடை பழகுனது உன் விரலைப் பிடிச்சு. மணவறைக்கும் அந்தக் கையைப் பிடிச்சுத்தான் ஏறுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. அப்பாவும் போயாச்சு, அம்மாவும் போயாச்சு, எனக்குப் பொறந்த வீடுன்னா இந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் இருக்கிற நீ ஒருத்தன்தான். நீ வந்து முன்னால நில்லுண்ணே."

மதில்மேல் இருந்தவர்கள் எல்லோரும் அழுதோம். பெட்டியைச் சபித்துக்கொண்டிருந்த நானே முந்தானையில் மூக்கைச் சிந்தினேன். அண்ணாச்சியும் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு மைக்கைத் தொடாமல், தவசிமுத்துவைப் பார்த்துச் சொன்னார். "மாப்பிள்ளை, பெட்டி கூப்பிட்டுது. ரொம்ப அழகாக் கூப்பிட்டுது. பெட்டி வீட்டுக் கல்யாணம்னா நான்தான் முதல் ஆளா நிப்பேன். எந் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு எந் தங்கச்சியில்லா கூப்பிடணும்?" சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதிலிருந்து அந்த வீட்டில் அழுகைதான். தமயந்தி தாயின் காலைக் கட்டிக்கொண்டு, "ஒரு வார்த்தைதானம்மா, 'வாண்ணே'ன்னு ஒரு வார்த்தை, எனக்காகச் சொல்லக்கூடாதா?" என்று கெஞ்சினாள். சந்தனக்கனி சுவரைப் பார்த்து நின்று சொல்லிப் பார்த்தாள், கண்ணாடியைப் பார்த்து நின்று சொல்லிப் பார்த்தாள், என் வீட்டுக்கு வந்து என்னையே அண்ணனாக உட்காரவைத்துக்கூடச் சொல்லிப் பார்த்தாள், வரவில்லை.

"மானம் பாக்கியா கனி?" என்று கேட்டேன்.

"மானத்தைக் கொண்டு குப்பையில போடு. எம் புள்ளைக்கு முன்னால எனக்கென்ன மானம்? எனக்கு வார்த்தையே இல்ல ரெஜினா. இருக்கிற நல்ல வார்த்தையெல்லாம் இந்தப் பாழாப்போன பெட்டி சொல்லித் தீத்துட்டு. வாண்ணேன்னா பெட்டி சொன்னது, நீதான் பொறந்த வீடுன்னா அதுவும் பெட்டி சொன்னது. அதையே நான் போய்ச் சொன்னா, பெட்டிகிட்டப் படிச்சிட்டு வந்து ஒப்பிக்கேன்னுதான நினைப்பான்? எந்த வார்த்தையை எடுத்தாலும் எச்சில் வார்த்தையா இருக்கே, நான் எதைச் சொல்லிக் கூப்பிட?" என்று என் மிஷின் மேலேயே தலையைச் சாய்த்து அழுதாள். அவள் சொன்னது அத்தனையும் நிஜம்.

கல்யாணத்தன்று காலையில் தெருவை அடைத்துப் பந்தல். உடன்குடிக்காரர்கள் வந்து இறங்கியாச்சு, மேளம் கொட்டுகிறது, தமயந்தி அலங்காரம் பண்ணின முகத்தோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமா வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அந்தக் கதவு சாத்தியது சாத்தியபடி இருக்கிறது. மாப்பிள்ளையின் தகப்பனார் இரண்டு தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்தார். சந்தனக்கனி வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டி, அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். கரையில் போட்ட மீனுக்கும் அவளுக்கும் அந்த நேரத்தில் வித்தியாசம் இல்லை. பார்க்கச் சகிக்காமல் தவசிமுத்துவும் அருணகிரியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, நீளமாக வயரை இழுத்து, கதவு வாசலிலேயே ஸ்டூலைப் போட்டு வைத்து, மைக்கை அவள் கையில் திணித்தார்கள். "எதையாச்சும் சொல்லு கனி, மிச்சத்தை அது பாத்துக்கிடும்" என்றார் தவசிமுத்து.

வால்வு சூடேறுகிற வரைக்கும் தெருவே எட்டி எட்டிப் பார்த்தது. பச்சைக் கண் விழித்தது. சந்தனக்கனி அந்தக் கண்ணை முறைத்துப் பார்த்தாள், பிறகு கதவைப் பார்த்தாள், அப்புறம் கிளம்பியது பாருங்கள்.

"ஏல லிங்கவேலு!"

மூத்தவனை இளையவள் ஏல என்று கூப்பிட்டதும் மேளக்காரர் கை அப்படியே நின்றுவிட்டது.

"நல்ல வார்த்தை எங்கிட்ட ஒண்ணும் இல்ல. வசவுதான் இருக்கு, வாங்கிக்க. நீயெல்லாம் ஒரு அண்ணனால? சாம்பார்ல உப்பில்லைன்னா ஓரமாக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டியா, ஊரு கேக்கவா சொல்லுவே? நான் ஒண்ணு சொல்லிட்டேன்னா ஓங்கி ஒரு அறை அறைஞ்சிட்டுச் சோத்தைத் தின்னுட்டுப் போயிருக்கலாம்லா? பட்டினியா எந்திரிச்சுப் போனியே, பாவி, அன்னையிலருந்து எனக்கு ஒரு நேரச் சோறு ஒழுங்கா எறங்கலையே! நான் டைபாய்டுல கிடந்தப்ப சுவருக்கு அந்தப்பக்கம் நின்னு இருமி இருமி எனக்கு எப்படி இருக்குன்னு கேட்டியே, ஒரு எட்டு உள்ள வந்தா காலு முறிஞ்சிருமோ? உனக்குக் காய்ச்சல்னு நான் வச்ச கஞ்சியை உன் மாப்பிள்ளை வச்சான்னு நினைச்சுக் குடிச்சியே, மாங்கா மடையா, அந்த மனுசனுக்கு வெந்நி வைக்கத் தெரியுமால? பெண்டாட்டி இல்ல, புள்ளை இல்ல, கூடப்பொறந்தவளையும் விட்டுட்டு யாருகூடல இருந்து சாகப்போறே, முண்டம்? இன்னைக்கு உன் மருமகளுக்குக் கல்யாணம். நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே நடக்காதுன்னு உனக்குத் தெரியும்லா, தெரிஞ்சுதான உள்ள ஒளிஞ்சிருக்கே? வரலைன்னா கதவை ஒடச்சுக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வருவேன். வந்து தொலைல!"

பச்சைக் கண் இறுக மூடிக் கிடந்தது. மாப்பிள்ளையின் தகப்பனாரான உடன்குடிக்காரர் எழுந்து, "என்னய்யா இது, இதுக்குப் பேரு அழைப்பா?" என்றார். "நீங்க சும்மா இருங்க, நல்லாத்தான் போயிட்டிருக்கு" என்று நான் அவரை உட்காரவைத்தேன்.

கதவுக்கு உள்ளேயிருந்து குரல் வந்தது. "மாப்பிள்ளை, பெட்டியைப் போடுங்க. அது என்ன சொல்லுதுன்னு கேப்போம்."

போச்சு என்று நினைத்தேன். இப்போது இந்தச் சனியன் பிடித்த பெட்டி இவ்வளவையும் சர்க்கரைப்பாகாகக் காய்ச்சி ஊற்றப்போகிறது, அவளிடம் மிச்சமிருந்த ஒரே சொந்த வார்த்தையையும் பிடுங்கிக்கொள்ளப்போகிறது. தவசிமுத்து நாடாவைப் பின்னால் ஓட்டிவிட்டுக் கட்டையை அமுக்கினார்.

"ஏல லிங்கவேலு!" என்றது பெட்டி.

ஒரு வார்த்தை மாறவில்லை. மாங்கா மடையன் மாங்கா மடையனாகவே வந்தான், முண்டம் முண்டமாகவே வந்தது, நடுவில் அவள் மூக்கை உறிஞ்சினதுகூட அப்படியே வந்தது, கடைசியில் "வந்து தொலைல" என்று அவள் கத்தினது பந்தல் முழுக்க இரண்டாந்தடவை கேட்டது. "வடிகட்டி போயிட்டு போலிருக்கே" என்று அருணகிரி பெட்டியின் பின்பக்கம் குனிந்தான். "போடா கூறுகெட்டவனே, எடுத்து எறிய அதுக்கு ஒண்ணும் கிடைக்கலைடா" என்றேன் நான். வீட்டுக்குள் நாதாங்கி விலகுகிற சத்தம் கேட்டது.

லிங்கவேல் அண்ணாச்சி நெற்றியில் சந்தனமும் சரிகை வேட்டியுமாக, ஒரு கையில் பட்டுச்சேலை வைத்த தட்டும், மற்றக் கையில் வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துத் தெளித்து வைத்திருந்த மாலையுமாகக் கதவுக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். மாலையிலிருந்து சொட்டின தண்ணீர் அவர் காலடியில் குளமாகத் தேங்கியிருந்தது. எப்போதிருந்து அப்படி நிற்கிறாரோ, அந்த ஆண்டவருக்குத்தான் தெரியும். கண்ணெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது.

"வழியை விடுட்டி, முகூர்த்தத்துக்கு நேரமாவுது" என்றார்.

இத்தனை வருஷத்தில் தங்கச்சி முகத்தைப் பார்த்து அவர் பேசின முதல் பேச்சு அதுதான். சந்தனக்கனி வழியை விடவில்லை. வெற்றிலைத் தட்டைப் போட்டுவிட்டு, அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்திக் குத்தி, "பாவி, பாவி" என்று அந்த வாசற்படியிலேயே நின்று அழுதாள். மாலையும் தட்டுமாகக் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவர் வாங்கிக்கொண்டு நின்றார். முகூர்த்தம் அது பாட்டுக்குக் கடந்து போனது. உடன்குடிக்காரர்தான் என் பக்கம் குனிந்து, அடுத்த முகூர்த்தம் எப்போது என்று மெதுவாகக் கேட்டார்.